எட்டாவது போர்டு

அத்தியாயம் ஒன்பது

“பதினோரு பேர்” என்றான் தந்தி.

“உத்தேசமா சொல்றியா, எண்ணிச் சொல்றியா?”

“எழுதியே வெச்சிருக்கேன் மேடம். முடி வெட்டுறவர், மாடி வீட்டுப் பாட்டு டீச்சர், பஸ் கண்டக்டர் ரெண்டு பேர், பேப்பர் போடுறவர், பல் டாக்டர்...”

“பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு எப்படிடா பேசினே?”

“நடுவுல கொப்பளிக்கச் சொன்னாரே, அப்ப.”

செக்கர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொள்ள வேண்டிய சந்தர்ப்பங்கள் தந்தியோடு வேலை செய்கிறவர்களுக்கு நாளொன்றுக்கு நாலு வரும். எல்லாவற்றுக்கும் அடித்துக்கொண்டால் தலை என்னத்துக்கு ஆகும்?

அவனுக்கு வயது முப்பத்து நாலு. உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வழுக்கை. தெருவின் இந்த முனையில் அவன் காதில் ஒன்றைப் போட்டால், அவன் அந்த முனைக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அதனால் தந்தி. ஒரு துப்பறியும் அலுவலகத்தில் இப்படி ஒரு ஆளை உதவியாளனாக வைத்துக்கொள்ள ஒன்று அசாத்தியத் துணிச்சல் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் கிடைக்காமல் இருக்க வேண்டும். செக்கருக்கு இரண்டுமே இருந்தன. அவள் இருபத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ‘டிக்கெட் இல்லாதவன் ஜன்னல் வழியா வெளியே ரொம்ப நேரம் பார்ப்பான்’ என்ற ஒரே ஒரு கண்டுபிடிப்பை மூலதனமாக வைத்து, தையல் கடைக்கு மேலே ஒரு அறையில் இந்த அலுவலகத்தைத் திறந்திருந்தாள்.

அன்றைய வழக்கு தந்தியின் சொந்த அக்காவுடையது. அதனால்தான் அக்காவின் ரகசியத்தை அவன் உளறி வைத்த அந்தப் பதினோரு பேர் பட்டியல். அதனால்தான் அவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதாவது, மூன்று வேளைதான் சாப்பிட்டான்.

அக்கா நர்ஸ். சலைன் பாட்டில் தீர்ந்துபோவது தெரியாமல் வார்டில் கண் அசந்துவிடுகிற நர்ஸ்களுக்காக, பாட்டில் தீரப்போகிற சமயம் பார்த்து மணி அடிக்கிற ஒரு சின்னக் கருவியை மூன்று வருஷம் உட்கார்ந்து உருவாக்கியிருந்தாள். அதற்கு வேண்டிய சர்க்யூட் போர்டுகளைக் கடையில் கொடுத்துச் செய்யவில்லை. வீட்டு ஸ்டோர் ரூமில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், போட்டோ கழுவுகிற மாதிரி தன் கையாலேயே கழுவி எடுத்தாள். ஏழு போர்டுகள். ஆஸ்பத்திரி சூப்பிரண்டென்ட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் மேஜை டிராயரைத் திறந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். ஒரு வாரத்துக்கு முன்பே ஒரு கம்பெனி கொண்டுவந்து கொடுத்ததாம். கோட்டுக்குக் கோடு, புள்ளிக்குப் புள்ளி அதே போர்டு. ‘யாரைப் பார்த்து யார் காப்பி அடிச்சீங்கம்மா?’ என்று கேட்டிருக்கிறார். வியாழக்கிழமை நாலு மணிக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் வேலையும் போகும், திருடி என்ற பெயரும் வரும்.

இன்று வியாழன். மணி பதினொன்றரை.

“அக்கா சொன்னது சரிதான் மேடம்” என்றான் தந்தி. “‘உன் வாயாலதான்டா இந்த வீடு நாசமாச்சு, இனிமே படியேறாதே’ன்னு செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்தினா. சின்ன வயசுல எனக்குத் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்பினவ. அவ சாத்தின கதவு மேடம். அந்தப் பதினோரு பேர்ல எவனோ ஒருத்தன்தான்...”

“மூக்கை உறிஞ்சாதே. லென்ஸ் எங்கே?”

கம்பெனியின் போர்டு மேஜைமேல் கிடந்தது. நாலு மணிக்குத் திருப்பித் தருவதாக ஆஸ்பத்திரி கிளார்க்கிடம் கையெழுத்துப் போட்டு செக்கர் வாங்கி வந்திருந்தாள். தந்தி தன் பங்குக்கு அக்காவின் ஏழாவது போர்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் பச்சை அட்டை. இரண்டிலும் செம்புக் கோடுகள், ஊர் வரைபடத்தில் தெருக்கள் ஓடுவதுபோல் வளைந்து வளைந்து ஓடின.

“இதை எப்படிடா செய்யறாங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“செம்புத் தகடு ஒட்டின அட்டை மேடம். அது மேல வெளிச்சம் பட்டா மாறிப்போற ஒரு பூச்சு. கோடெல்லாம் கறுப்பா அச்சடிச்ச ஃபிலிமை அது மேல வெச்சு, அக்காவோட பெட்டியில கவுத்துப் போடணும். பெட்டிக்குள்ள நாலு ஊதா டியூப்லைட், அதுக்கு மேல கண்ணாடி. ஏழு நிமிஷம் வெளிச்சம் காட்டணும். அப்புறம் மருந்துத் தண்ணியில போட்டு ஆட்டினா, வெளிச்சம் பட்ட இடத்துல பூச்சு கரைஞ்சுடும். கறுப்புக் கோட்டோட நிழல்ல இருந்த இடத்துல மட்டும் நிக்கும். கடைசியா, செம்பைத் தின்னுற துருக் கலர் தண்ணி ஒண்ணு இருக்கு. அதுல போட்டா, பூச்சு இல்லாத செம்பையெல்லாம் தின்னுட்டுக் கோட்டை மட்டும் விட்டு வைக்கும்.”

“புரியல.”

“கையில வாட்ச் கட்டிக்கிட்டு வெயில்ல சுத்தினா பட்டை இருந்த இடம் தனியாத் தெரியும்ல? அந்த மாதிரி. இங்க பட்டை மட்டும் மிஞ்சும், கை கரைஞ்சு போயிடும்.”

“சாப்பிடப்போற நேரத்துல கையைக் கரைக்கிறியே.” செக்கர் லென்ஸைப் போர்டின்மேல் நகர்த்திக்கொண்டே போனாள். “ஆக, எங்கெல்லாம் நிழல் விழுந்துதோ அங்கெல்லாம் செம்பு.”

“அதேதான்.”

“அப்ப இது எதோட நிழல்?”

தந்தி குனிந்தான். கம்பெனி போர்டின் வலது மூலையில், ஒரு கோடும் ஓடாத வெற்றிடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு செம்பு இழை. சாய்வாக வந்து, முடிகிற இடத்தில் பாம்பு நாக்குபோல் இரண்டாகப் பிளந்திருந்தது. சர்க்யூட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாருக்கும் உபத்திரவம் செய்யாமல், கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்தவன்போல் ஒரு ஓரமாக நின்றது.

“ஃபிலிம்ல முடி ஏதாவது ஒட்டியிருக்கும் மேடம்.”

“அக்காவோட ஃபிலிம்லயா? அப்ப ஏழாவது போர்டுலயும் இருக்கணுமே.”

ஏழாவது போர்டில் அந்த மூலை துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. தந்தி அதையும் பார்த்தான், இதையும் பார்த்தான். பிறகு அந்தப் பாம்பு நாக்கையே பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல, வட்டி கட்ட மறந்தவன் முகம்போல் ஆயிற்று.

“மேடம்... இந்தக் கோடு எனக்குத் தெரியும்.”

“எப்படி?”

“இது என் கோடு. நான்தான் போட்டேன்.”

“என்னத்தாலடா போட்டே?”

தந்தி தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சங்கடத்தோடு பார்த்தான். “போன மாசம் முதல் புதன்கிழமை, அக்கா ஸ்டோர் ரூம்ல. மஞ்சள் பல்புல ஒண்ணுமே தெரியல. ஏதோ பெட்டின்னு நினைச்சு உட்கார்ந்துட்டேன்.”

“அது என்ன?”

“பெட்டிதான். வெளிச்சப் பெட்டி. மூலையில கண்ணாடி ‘டிக்’குனுச்சு. பார்த்தா இதே மாதிரி ஒரு கீறல், முனையில ரெண்டாப் பிரிஞ்சு. அக்கா திட்டினா பாருங்க, அந்தத் திட்டை அப்படியே ரெகார்டு பண்ணி...”

“கதையை விடு. அந்தக் கண்ணாடி எத்தனை நாள் பெட்டியில இருந்துது?”

“மறுநாள் வியாழக்கிழமை அக்கா வெளியூர் டிரெய்னிங் போயிட்டா. ஞாயித்துக்கிழமை வந்து, முதல் வேலையா புதுக் கண்ணாடி போட்டா. நடுவுல அவ எந்தப் போர்டும் செய்யல. ஏழுமே அதுக்கு முன்னால செஞ்சது.”

செக்கர் லென்ஸைக் கீழே வைத்தாள். ரயிலில் ஒருவன் எல்லாப் பைகளிலும் கை விட்டுத் தேடிவிட்டுக் கடைசியில் அசடு வழியும்போது அவள் முகத்தில் வருகிற நிதானம் இப்போது வந்தது.

“அப்ப இது எட்டாவது போர்டு. வியாழனுக்கும் ஞாயிறுக்கும் நடுவுல, உங்க அக்கா வீட்டு ஸ்டோர் ரூம்ல, உங்க அக்காவோட பெட்டியில, நீ உட்கார்ந்து உடைச்ச கண்ணாடி மேல வெச்சு செஞ்சது. வாய் வழியா ரகசியம் போகும், தந்தி. கீறல் போகாது.”

ஒரு கணம் தந்திக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. நாற்காலி பின்னால் சாய, எழுந்து நின்றான்.

“அப்ப... நான் இல்லையா?”

“நீ இல்ல.”

“பல் டாக்டர் இல்லையா?”

“பாவம், அவரும் இல்ல.”

தந்தி அந்தப் பட்டியலை எட்டாகக் கிழித்தான். “நான் சுத்தம் மேடம்! என் வாய் சுத்தம்! அக்காகிட்ட ஓடிப்போய்ச் சொல்லணும்!” செருப்பில் ஒரு கால்கூட நுழைத்துவிட்டான்.

“உட்காரு. நாற்காலியில உட்காரு, வேற எதுலயும் உட்காராதே. வீட்டுச் சாவி யார் யார்கிட்ட?”

“அக்காகிட்ட ஒண்ணு, அது அவ கூடவே ஊருக்குப் போச்சு. மாத்துச் சாவி என்கிட்ட.”

“அந்த மூணு நாள் நீ எங்கே இருந்தே?”

“என்ன மேடம் இப்படிக் கேட்கறீங்க? உங்க கூடத்தானே! அந்த லாட்ஜைக் கண்காணிக்க எதிர்ல டாக்ஸியில, காலை மடிச்சு மடிச்சு எனக்கு முட்டியே தேய்ஞ்சு போச்சு. கொசு வேற. சாவி என் இடுப்புலயே...” அவன் நிறுத்திக்கொண்டான்.

செக்கர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவளுடைய பழைய உத்தி. சும்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாலே போதும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் தானாக எழுந்துவிடுவான்.

“மச்சான் வீட்லதான் இருந்தார்” என்றான் தந்தி, யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல். “ஆனா மேடம், அவர் அப்படிப்பட்டவர் இல்ல. கரப்பான்பூச்சியைக்கூடக் கதவைத் திறந்து வழியனுப்பி வைக்கிற மனுஷன். நாலு மாசமா வேலை இல்லாம சோஃபாவிலேயே கிடந்தார். இப்பதான் ஏதோ கம்பெனியில ஏரியா மேனேஜராக் கூப்பிட்டிருக்காங்கன்னு ஷேவ் பண்ண ஆரம்பிச்சிருக்கார்.”

“என்ன கம்பெனி?”

தந்தி மேஜைமேல் கிடந்த கம்பெனி போர்டைப் பார்த்தான்.

“இது சந்தேகம்தான்” என்றாள் செக்கர். “சூப்பிரண்டென்ட் சந்தேகத்தைக் கேட்க மாட்டார், சாட்சியைக் கேட்பார். அந்தப் பழைய கண்ணாடியை இந்தப் போர்டு மேல வெச்சுக் காட்டினா, கோடும் கீறலும் ஒண்ணா உட்காரும். அதுக்கு மேல வார்த்தையே வேண்டாம். புதுக் கண்ணாடி எந்தக் கடையில போட்டாங்க?”

*

கண்ணாடிக் கடை ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. வாசலில் சாத்தி வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடிகளில் ஆறு தந்திகள் வேர்க்க விறுவிறுக்க நுழைந்தார்கள். ஒருவன் முகத்திலும் களையில்லை.

கடைக்காரரின் பத்து விரல்களில் ஆறில் பிளாஸ்திரி. மேஜைமேல் கண்ணாடியை வைத்து, வைரம் பதித்த பேனா மாதிரி ஒன்றால் கிர்ரென்று ஒரு கோடு இழுத்து, விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். கண்ணாடி சமர்த்தாக இரண்டாயிற்று.

“நர்ஸம்மா வீட்டுப் பழைய கண்ணாடியா? நான் எதையும் தூக்கிப் போடுறதில்ல சார். கீறல் போக மீதியில ரெண்டு போட்டோ ஃபிரேமுக்கு வருமே. அதோ, அந்த அடுக்குலதான் வெச்சிருந்தேன்.”

“வெச்சிருந்தேன்னா?” என்றாள் செக்கர்.

“அவங்களே வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்களே! திங்கக்கிழமை சாயங்காலம். யூனிஃபார்ம்லயே வந்தாங்க, கொட்டுற மழையில. ‘கீறல் கண்ணாடி எதுக்கும்மா, சும்மா எடுத்துட்டுப் போனாலும் கையைத்தான் கிழிக்கும்’னேன். ‘இல்லண்ணே, அது வேணும்’னு முந்தானையில மூடி எடுத்துக்கிட்டுப் போனாங்க.”

தந்தி கையைத் தட்டினான். “பார்த்தீங்களா மேடம்! எங்க அக்காவா கொக்கா! திங்கக்கிழமை சூப்பிரண்டென்ட் அந்தப் போர்டைக் காட்டியிருக்கார். காட்டின நிமிஷமே கோட்டைப் பார்த்துட்டா. நாம லென்ஸ் வெச்சுத் தேடினதை அவ வெறும் கண்ணால கண்டுபிடிச்சுட்டா. நேரா இங்க வந்து சாட்சியைப் பத்திரமா எடுத்து வெச்சுட்டா. நாலு மணிக்கு அவளே கொண்டுபோய்...”

சந்தின் முனைவரைக்கும் அவன் பேசிக்கொண்டே வந்தான். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் செக்கர் கேட்டாள்.

“திங்கக்கிழமையே அவளுக்கு எல்லாம் தெரியும்னு வெச்சுக்குவோம்.”

“தெரியும் மேடம். அவ மூளை அப்படி.”

“செவ்வாய்க்கிழமை நீ வீட்டுக்குப் போனே.”

“போனேன்.”

“என்ன சொல்லிக் கதவைச் சாத்தினா?”

தந்தியின் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கடை மூடின பிறகும் எரிகிற விளக்குப் பலகை மாதிரி, உள்ளே ஆள் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றது.

*

அக்கா வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் தம்பியைப் பார்த்தாள், தம்பிக்குப் பின்னால் செக்கரைப் பார்த்தாள், வழியை விட்டாள். டியூட்டிக்குக் கிளம்பத் தயாராக யூனிஃபார்மில் இருந்தாள். தலைமுடியை இழுத்துக் கட்டிய கொண்டையில் ஒரு முடி பிசகவில்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“உன்னை வராதேன்னுதானே சொன்னேன்” என்றாள்.

“நான் சொல்லலக்கா. யார்கிட்டயும் நான்... அதாவது, பதினோரு பேர்கிட்ட சொன்னேன். ஆனா அதனால இல்ல.” தந்தி கம்பெனி போர்டை மேஜைமேல் வைத்து மூலையைத் தொட்டுக் காட்டினான். “இது நான் உடைச்ச கண்ணாடி.”

அக்கா போர்டைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் சிமென்ட் சுவரையும் ஒரு தண்ணீர்க் குழாயையும் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் வெகு நேரம் பார்த்தாள்.

செக்கர் அதைக் கவனித்தாள். அவள் பார்வை அந்த ஜன்னலிலேயே, வெயிலில் ஹாங்கரில் தொங்கிய ஆண் சட்டைக்குப் போயிற்று. நல்ல வெள்ளைச் சட்டை. கைப்பகுதியில் மட்டும் துருக் கலரில் நாலைந்து பொட்டுகள்.

“செம்பைத் தின்னுற தண்ணியோட கறை. போகாதாமே?” என்றாள் செக்கர்.

“போகாது” என்றாள் அக்கா. “எலுமிச்சை, சோடா உப்பு, எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன். துவைக்கிறவ நான். எனக்குத் தெரியாம இந்த வீட்ல ஒரு கறை விழுமா?”

உள்ளறையில் டிவியின் சத்தம் இரண்டு படி ஏறியது.

“அப்ப திங்கக்கிழமைகூட இல்ல” என்றான் தந்தி. “அதுக்கும் முன்னாலயே தெரியும் உனக்கு.”

“என்னமோ பண்ணியிருக்கார்னு தெரியும். எதை, யாருக்குன்னு திங்கக்கிழமைதான் தெரிஞ்சுது.”

“தெரிஞ்சும் ஏன்க்கா என்னைத் திட்டினே?”

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

“நாலு மாசம்டா. காலையில நான் டியூட்டிக்குப் போறப்ப சோஃபாவில படுத்திருப்பார், சாயங்காலம் வர்றப்ப அதே பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். குடிக்கத் தண்ணி வெச்ச டம்ளர் வெச்ச இடத்துலயே இருக்கும். ஒருநாள் திடீர்னு எழுந்து ஷேவ் பண்ணிக்கிட்டு, பாட்டை முணுமுணுத்துக்கிட்டு, ‘வேலை கிடைச்சிருக்கு’ன்னார். எதைக் கொடுத்து அந்த வேலையை வாங்கினார்னு தெரிஞ்சப்ப... நான் என்னடா பண்ணட்டும்? திரும்பவும் அந்த சோஃபாவில கொண்டுபோய்ப் படுக்க வைக்கவா?”

“அதுக்கு?”

“உன்னைத் திட்டினா பத்து நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவே. அப்புறம் பசிக்குதுன்னு வந்து நிப்பே. அவரை வெளியே சொன்னா, போனது போனதுதான்.”

அது உண்மைதான் என்பதுதான் தந்திக்கு வலித்தது. பத்து நாள்கூட ஆகியிருக்காது. செவ்வாய்க்கிழமை சாத்திய கதவுக்கு வியாழக்கிழமையே வந்து நிற்கிறான்.

“சரிக்கா” என்றான். “திட்டினது போகட்டும். நான் வாங்காத திட்டா? ஆனா நாலு மணிக்கு சூப்பிரண்டென்ட் உன்னைக் கேட்பாரே. உன் வேலை போகுமே. அதுக்கு என்ன பண்ணப்போறே?”

அக்கா கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். டிவியில் யாரோ சிரித்தார்கள்.

செக்கர் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “பதில் கொடுத்தாச்சு, இல்லையாம்மா?”

“காலையிலேயே” என்றாள் அக்கா.

“என்ன பதில்?” என்றான் தந்தி.

அவள் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு நகலை மேஜைமேல் வைத்தாள். தந்தி பிரித்தான். நோயாளியின் சார்ட்டில் எழுதுவதுபோல் அடித்தல் திருத்தல் இல்லாத அழகான கையெழுத்து. நாலே வரி. கம்பெனி கொடுத்த போர்டு என்னுடைய கருவியின் நகல். நான் வெளியூர்ப் பயிற்சியில் இருந்த நாட்களில், வீட்டின் மாற்றுச் சாவியை வைத்திருந்த என் தம்பி, எனக்குத் தெரியாமல் அதைச் செய்து விற்றிருக்கிறான். இதற்காக வெட்கப்படுகிறேன். தாங்கள் போலீஸில் புகார் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தந்தி அதை இரண்டு தடவை படித்தான். முதல் தடவை, வேறு யாரோ ஒருத்தியின் தம்பியைப் பற்றி என்பதுபோல் இருந்தது.

“திட்டுறேன்னு நினைச்சேன்” என்றான். “என் தலையிலயே கட்டிட்டே.”

“ஜெயிலுக்கெல்லாம் போக மாட்டே. கெஞ்சிக் கேட்டா சூப்பிரண்டென்ட் புகார் கொடுக்க மாட்டார், அவர் குணம் எனக்குத் தெரியும். ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. நீ ஒண்டிக்கட்டைடா. உனக்கு என்ன பெண்டாட்டியா, பிள்ளையா...”

“அந்த நாட்கள்ல நான் எங்கே இருந்தேன்னு உனக்குத் தெரியுமேக்கா. வெள்ளிக்கிழமை போன் பண்ணி, கொசுக்கடிக்கு என்ன தடவுறதுன்னு உன்கிட்டதானே கேட்டேன். நீதானே மருந்து பேரு சொன்னே. எழுத்துக் கூட்டிச் சொன்னே.”

அக்காவின் கை மேஜை விரிப்பின் ஒரு நூலைப் பிடித்து இழுத்தது. நூல் நீளமாக வந்துகொண்டே இருந்தது.

“அவர் எனக்கு மச்சான் ஆனது உன்னால” என்றான் தந்தி. “நீ எனக்கு அக்கா ஆனது...” மேலே என்ன சொல்ல வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, முடிக்கத் தோன்றாமல் நின்றான்.

செக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “மூணேகால். தந்தி, இந்த வழக்குல என்னைக் கூப்பிட்டது நீ. உங்க அக்கா இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. இப்படியே விட்டுடுங்கன்னு நீ சொன்னா, நான் போர்டைக் கொண்டுபோய் கிளார்க்கிட்ட கொடுத்துட்டு வீட்டுக்குப் போறேன். கண்டுபிடிச்சது என்னோட செத்துப் போகும். சொல்லு.”

உள்ளே டிவி சட்டென்று நின்றது. சாத்திய கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது வெளியே தெரிந்தது. தந்தி அந்தக் கதவையே பார்த்தான். அது திறக்கும் என்று எதிர்பார்த்தான். ‘மாப்ளே’ என்று ஒரு வார்த்தை வரும், அது ஒன்று வந்தால்கூடப் போதும், எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடலாம் என்றுகூட நினைத்தான். நின்றான். கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டிவி மறுபடி ஓட ஆரம்பித்தது.

“கண்ணாடி எங்கேக்கா?” என்றான் தந்தி.

அக்கா பீரோவுக்குப் பின்பக்கம் கையைக் காட்டினாள். “உடைச்சுப் போடத்தான் வாங்கிட்டு வந்தேன். ரெண்டு தடவை தூக்கினேன்.”

தந்தி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கைவிட்டுக் கண்ணாடியை உருவினான். மூலையில் அதே சாய்வான கீறல், அதே பாம்பு நாக்கு. போர்டைக் கண்ணாடியின்மேல் கவிழ்த்து, தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். கோடு கீறலோடு சரியாகப் போய் ஒட்டிக்கொண்டது. மூன்று பேரும் பார்த்தார்கள். போர்டைச் செக்கரிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

“நில்லு” என்றாள் அக்கா.

அவன் திரும்பவில்லை. கெஞ்சப்போகிறாள் என்று நினைத்தான். கெஞ்சினால் தாங்காது என்றும் நினைத்தான்.

“ஓரம் கூரா இருக்கு. கையைக் கிழிச்சுக்கப்போறே. இப்படிக் கொடு.”

கொடியில் கிடந்த துண்டை எடுத்து விரித்தாள். கண்ணாடியை வாங்கி அதன் நடுவில் வைத்தாள். நாலு பக்கமும் மடித்தாள். அலமாரியிலிருந்து ஒரு பேண்டேஜ் உருளையை எடுத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் சுற்றி, இழுத்து, முடிச்சுப் போட்டாள். காயக்கட்டு போட்டுப் பழகிய கை. ஆனால் முடிச்சு போட்ட பிறகும் அந்தக் கை பொட்டலத்தை விடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“பஸ்ல மடியில வெச்சுக்கோ” என்றாள்.

*

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சூப்பிரண்டென்ட்டின் அறைக்குள் போனார்கள். அவர் அடிப்படையில் அறுவை மருத்துவர். மேஜைமேல் ஃபைல்கள் எல்லாம் ஒரே கோட்டில் அடுக்கியிருந்தன. அவற்றில் மேலாக இருந்தது அக்காவின் கடிதம். தந்தியைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் அவன் ஏற்கெனவே குற்றவாளி.

“நீதான் அந்தத் தம்பியா?”

“ஆமா சார்.”

செக்கர் விஷயத்தைச் சொன்னாள். பத்தே வாக்கியம். லாட்ஜ், டாக்ஸி, மூன்று நாள், கீறல், சட்டைக் கறை. முடிந்ததும் அவர் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்து முடிச்சில் நகத்தை நுழைத்தார். அசையவில்லை. இடமிருந்து பார்த்தார், வலமிருந்து பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தார். முடிச்சு இன்னும் இறுகியது.

“உங்க அக்கா போட்ட கட்டா?”

“ஆமா சார்.”

“இருபது வருஷமா என் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்க. இந்த ஆஸ்பத்திரியில இவ்வளவு நல்லாக் கட்டுறவங்க வேற யாரும் கிடையாது” என்றார் அவர். டிராயரைத் திறந்து கத்தரியை எடுத்தார். எடுத்தவர், ஏனோ உடனே வெட்டாமல், கத்தரியைக் கட்டின்மேல் வைத்தபடி நிமிர்ந்து தந்தியைப் பார்த்தார்.

தந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“வெட்டுங்க சார்” என்றான்.